தாசியோவின் காதில் கோயில் மணி

கார்ப்பியோவின் காதில் இரைச்சல் இருந்தது. அதை அவர் எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பார். எதிர்வீட்டு தாசியோவின் காதில் இருப்பது அதைவிட உயர்ந்த ரகத்து இரைச்சல் என்று அரசாங்கமே சொல்லிவிட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

சான் ரூஃபினோ ஊரில் இருவருக்கும் எதிரெதிர் வீடு. கார்ப்பியோ வாழ்நாளெல்லாம் ஜீப்னி என்ற சிற்றுந்து ஓட்டியவர். முதுகுக்குப் பின்னால் பாட்டுப் பெட்டி, முழங்காலுக்குக் கீழே டீசல் எஞ்சின், ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்க ஹாரன். காது கெட்டுப்போனதில் ஆச்சரியம் இல்லை. தாசியோ ஊர் பேண்டுக் குழுவில் பெரிய தாளத் தட்டுகளை மோதியவர். திருவிழா, கல்யாணம், சவ ஊர்வலம் எல்லாவற்றிலும் மோதினார். அவர் காது கெட்டதிலும் ஆச்சரியம் இல்லை. கார்ப்பியோவின் மூத்த மகனுக்கு தாசியோதான் ஞானத்தகப்பன். ஆகவே இருவரும் ஒருவரையொருவர் சாகும்வரை ‘கும்பாரே’ என்றுதான் கூப்பிட வேண்டும், திட்டும்போதுகூட.

கார்ப்பியோவின் பொறாமைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. தாசியோவின் வீட்டுக்கு முதலில் இரும்புக் கூரை வந்தது. தாசியோவின் மகள் துபாயில் நர்ஸ் ஆனாள். வருஷா வருஷம் சோப்பும் சாக்லேட்டுமாக ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்து இறங்கும். தாசியோவின் மாமரம்கூட வெட்கமில்லாமல் காய்த்தது. கடைசியில் காதில் இரைச்சல் வந்தபோது கார்ப்பியோவுக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் நாம் முந்திக்கொண்டோம். அடுத்த மாதமே தாசியோ வேலியருகில் வந்து நின்று காதைக் குடைந்துகொண்டு, “எனக்கும் வந்துடுச்சு கும்பாரே” என்றார்.

இதற்கிடையில் கார்ப்பியோவின் தூக்கம் போய்விட்டது. காதில் ஓடும் சத்தத்தை அமுக்க மின்விசிறியை வேகமாக வைத்து, அதற்கு மேல் ரேடியோவையும் வைத்துக்கொண்டு படுத்தார். அவர் மனைவி கொன்சிங் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

“உன் காதுல ஓடுறது உன்னோட இருக்கட்டும். அது ஏன் என் காதுலயும் ஓடணும்?” என்றாள். “சந்தைக்குப் பக்கத்துல புதுசா காதுக்குன்னே கட்டியிருக்காங்களே, அங்க போய்ப் பாரேன் மனுஷா. நீ தூங்குற அன்னிக்கு நான் திரும்பி வரேன்.”

அப்படித்தான் கார்ப்பியோ வட்டாரக் காது இரைச்சல் மேலாண்மை நிலையத்துக்குப் போனார். தனியாகப் போயிருக்கலாம். தாசியோவும் கூடவே வந்தார். “ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதானே கும்பாரே, ஒரே வண்டியில போயிடலாம்” என்று வண்டிக்கூலியையும் அவரே கொடுத்தார். இது கார்ப்பியோவுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

நிலையத்தின் வாசலில் ஒரு பெரிய பேனர். அதில் ஓர் அரசியல்வாதியின் முகம். அந்த முகத்தின் ஓரத்தில் சிறியதாக ஒரு காது. உள்ளே சிகிச்சை காலையில் தொடங்குகிறது என்றால், நிகழ்ச்சி தொடங்குகிறது என்று பொருள். முதலில் ஜெபம். பிறகு தேசிய கீதம். பிறகு மாகாண கீதம். பிறகு நிலையத்துக்கென்றே இயற்றப்பட்ட கீதம். அதில் ‘அமைதி’ என்ற சொல் வரும் இடத்தில் எல்லாரும் குரலை உச்சத்துக்கு ஏற்ற வேண்டும். பிறகு ஊழியர்களின் ஆரோக்கிய நடனம். எல்லாமே அலமாரி உயர ஒலிபெருக்கிகளில் வந்தது. நோயாளிகளுக்கான நாற்காலிகளை, மரியாதை கருதி, அந்த ஒலிபெருக்கிகளுக்கு நேர் முன்னால் போட்டிருந்தார்கள்.

கார்ப்பியோ பக்கத்தில் நின்ற நர்ஸிடம் குனிந்து கேட்டார்: “ஏம்மா, காது இரையுறவங்களை உக்கார வெச்சு இவ்வளவு சத்தமா வைக்கலாமா?”

“என்ன மனோங்?” என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல், அவள் கத்தினாள். அவர் மறுபடி கத்தினார். அவள் புரிந்துகொண்டு கனிவாகச் சிரித்தாள். “காது மந்தமானவங்க நிறைய பேர் வர்றாங்க மனோங். சத்தத்தைக் குறைச்சா, சத்தத்தால என்ன கெடுதல்னு நாங்க சொல்றது அவங்களுக்குக் கேக்காம போயிடுமே!”



நிலையத்தின் இயக்குநர் டாக்டர் பெர்பெத்துவா மேடைக்கு வந்தார். எல்லாரும் அவரை டாக்டரம்மா என்றார்கள். “அன்பான நோயாளிகளே, காது இரைச்சலைப் பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து உலகத்தில் இல்லை. இதை மற்ற ஆஸ்பத்திரிகள் மறைக்கின்றன. நாங்கள் மறைப்பதில்லை. குணப்படுத்த முடியாத ஒன்றுக்காக இத்தனை பெரிய கட்டடம் கட்டியிருக்கிறோம் என்றால் எங்கள் அக்கறையை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்!” என்றார். பலத்த கைதட்டல். கைதட்டலைக்கூட மைக்கில் பிடித்து ஒலிபெருக்கியில் விட்டார்கள்.

அதற்கடுத்து வகைப்படுத்தும் குழு. நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளி எதிரே நின்று தன் இரைச்சலை வாயால் செய்து காட்ட வேண்டும். அதைக் கேட்டு அது எந்த வகுப்பு என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். மணியும் குழலும் முதல் வகுப்பு. சிள்வண்டு, தேனீ முதலிய ஜீவராசிகள் இரண்டாம் வகுப்பு. குக்கர், கெட்டில் முதலிய சமையலறைச் சத்தங்கள் மூன்றாம் வகுப்பு.

கார்ப்பியோ முறை வந்தது. வெட்கத்தோடு உதட்டைக் குவித்து, “ட்ர்ர்ர்ர்ர்” என்றார்.

குழுத் தலைவர் பேனாவை நிறுத்தினார். “இது என்ன?”

“சைலன்ஸர் கழண்டுபோன மூணு சக்கர வண்டிங்க. சிக்னல்ல நிக்குற மாதிரி.”

“கியரிலா, நியூட்ரலிலா?”

“நியூட்ரல்லதான்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இதர” என்றார் தலைவர்.

“இதரன்னா எத்தனாவது வகுப்புங்க?”

“வகுப்பு இல்லை. இதர.”

அடுத்து தாசியோ. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், கண்ணை மூடினார், “ம்ம்ம்” என்று மெல்லிய ஒரு நாதத்தை இழுத்தார். ஆயுசெல்லாம் பேண்டுக் குழுவில் நின்றவர் அல்லவா, சுருதி அப்படியே நின்றது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கோயிலில் மணியடித்து ஓய்ந்த பிறகு காற்றில் மிச்சம் இருக்குமே, அந்த மாதிரி. குழுவில் இருந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். தலைவர் நாற்காலியில் சாய்ந்து, “இன்னொரு முறை” என்றார். அது பரிசோதனைக்காகக் கேட்டதல்ல என்பது கார்ப்பியோவுக்கு நன்றாகத் தெரிந்தது.

“முதல் வகுப்பு! இந்த நிலையத்தின் முதல், முதல் வகுப்பு!”

வெளியே வரும்போது தாசியோ சங்கடத்தோடு, “உன்னோடது நல்ல பலமா இருக்கு கும்பாரே. என்னோடது என்ன, சும்மா ணங்குன்னு” என்றார்.

 பெருந்தன்மையாக இருப்பதற்கும் ஒருவனுக்குத் தனியாக வரம் வேண்டியிருக்கிறது என்று கார்ப்பியோ நினைத்தார். அதுவும் எதிர்வீட்டுக்கே போயிருந்தது.

அன்று முதல் நிலையத்தில் தாசியோவுக்கு மெத்தை வைத்த நாற்காலி. கார்ப்பியோ ‘இதர’ பெஞ்சில், தன் காதில் யாரோ ஓயாமல் துணி துவைப்பதாகச் சொன்ன ஒரு மீன்காரருக்கும், தன் காதில் தன் மாமியார் குறட்டை விடுவதாகச் சொன்ன ஒரு வாத்தியாருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

பிறகு சிகிச்சை வழிகளைப் பற்றிய கருத்தரங்கு நடந்தது. மொத்தம் ஆறு வழிகள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பேனர், ஒவ்வொரு பேனரிலும் டாக்டரம்மாவின் புன்னகை. சத்தமான இடங்களைத் தவிர்ப்பது என்ற வழியை டாக்டரம்மா மைக்கைக் கடித்தபடி விளக்கினார். மனத்தைத் தளர்த்துவது என்ற வழிக்கு எல்லாரும் எழுந்து நின்று வேகமான பாட்டுக்கு ஆட வேண்டியிருந்தது. ஆடாதவர்கள் தளரவில்லை என்று குறிக்கப்பட்டார்கள். காது கேட்கும் கருவி என்ற வழி வரவுசெலவுத் திட்டத்தில் மட்டும் இருந்தது. ஆலோசனை என்ற வழிக்கு ஆலோசகர் வரவேண்டியிருந்தது. ஏற்றுக்கொள்வது என்ற வழிதான் எல்லாவற்றிலும் சிக்கனமானது என்று டாக்டரம்மாவே ஒப்புக்கொண்டார்.

“இரைச்சலை எதிரியாகப் பார்க்காதீர்கள். அதற்கு ஒரு பெயர் வையுங்கள். நண்பராக்குங்கள்!”

தாசியோ தன் மணிக்கு ‘எஸ்பெரான்ஸா’ என்று பெயர் வைத்தார். நம்பிக்கை என்று அர்த்தம். மறுபடியும் கைதட்டல். கார்ப்பியோவுக்கு அவசரத்தில் ஒரு பெயரும் வாயில் வரவில்லை. ஓயாமல் சத்தம் போடுவது என்றதும் மனத்தில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டார். “கொன்சிங்.”

அவர் வீடு திரும்புமுன் செய்தி வீட்டை அடைந்திருந்தது. அன்று சாப்பாடு இல்லை.

ஆறாவது வழிதான் முக்கியமானது. ஒலி மறைப்புக் கருவி. காதுக்குப் பின்னால் பட்டாணி போல ஒட்டிக்கொள்ளும்; கடலலைச் சத்தத்தை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும்; இரைச்சல் அதில் கரைந்துபோகும்; மனிதன் தூங்குவான். ஜப்பானில் ஏதோ ஒரு நகரம் இவற்றை ஒரு பெட்டி நிறைய அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் பெட்டியைத் திறந்து படம் எடுத்துக்கொண்டு, மூடி, அடுத்த ஊருக்கு அனுப்பியதில், சான் ரூஃபினோவுக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே ஒன்றுதான் இருந்தது.

“ஒரே ஒரு கருவி. இத்தனை நோயாளிகள். யாருக்குக் கொடுப்பது?” என்று டாக்டரம்மா மேடையில் கேட்டார். “ரொம்பத் தேவைப்படுகிறவருக்கா? அப்படிக் கொடுத்தால் மற்றவர்கள் மனம் புண்படும். சீட்டுக் குலுக்கியா? அது விஞ்ஞானம் ஆகாது. ஆகவே ஒரே நியாயமான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அழகிப் போட்டி!”

அந்த ஊரில் இதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. தக்காளி அறுவடைக்கும் அழகிப் போட்டி, தீயணைப்பு வாரத்துக்கும் அழகிப் போட்டி, டெங்கு ஒழிப்புக்கும் அழகிப் போட்டி நடக்கிற ஊர் அது. காது விழிப்புணர்வு வாரத்தின் நிறைவு நாளில் ‘மௌன ராஜா’ தேர்ந்தெடுக்கப்படுவார். கிரீடம், தோளில் போடும் பட்டை, கருவி மூன்றும் அவருக்கே.

கார்ப்பியோவுக்கு அந்தக் கருவி வேண்டும். தூக்கம் வேண்டும். சமையலறைப் பக்கம் போன தலையணை திரும்பி வர வேண்டும். அதெல்லாம் அப்புறம். முதலில் அது தாசியோவுக்குக் கிடைக்கக் கூடாது.

அன்றிலிருந்து அவர் எதிர்வீட்டைக் கண்காணிக்க ஆரம்பித்தார். தாசியோ முற்றத்தில் நடை பழகினார். துபாயிலிருந்து மகள் வீடியோவில் வந்து, “தோளை நிமித்துங்க அப்பா, கோழி மாதிரி போகாதீங்க” என்று சொல்லிக்கொடுத்தாள். தாசியோவுக்குப் புதிய பட்டுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தது. தாசியோ வீட்டுக்குக் குழுத் தலைவரே வந்து, “எஸ்பெரான்ஸாவை ஒருமுறை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்” என்றார். இவற்றையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டியிருந்ததால் கார்ப்பியோ ரேடியோவை அணைத்தார். மின்விசிறியையும் அணைத்தார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் கிசுகிசுப்பதைக்கூட அப்படியே பிடித்தார்.

“கட்டில்ல படுத்துத் தூங்கேன். ஜன்னல்ல தலையைச் சாச்சு அப்படிக் குறட்டை விடுறியே” என்றாள் கொன்சிங்.

“நான் தூங்கல. கவனிச்சுட்டு இருந்தேன்.”

“வாயைத் திறந்துகிட்டா?”

போட்டி நாள் வந்தது. சந்தைத் திடலில் மேடை. அலமாரி உயர ஒலிபெருக்கிகள் போதாதென்று லாரி உயர ஒலிபெருக்கிகளை வரவழைத்திருந்தார்கள். போட்டியாளர்கள் பட்டுச் சட்டையில் ஒவ்வொருவராக நடந்து வந்து, மைக்கில் தங்கள் இரைச்சலைச் செய்து காட்டி, ஊர்ப் பெயர் சொல்லி வணங்கினார்கள். மீன்காரர் துணி துவைத்தார். வாத்தியார் மாமியாரைப் போலக் குறட்டை விட்டார். கூட்டத்தில் இருந்த மாமியார் எழுந்து போய்விட்டாள். கார்ப்பியோவும் பெயர் கொடுத்திருந்தார்; “ட்ர்ர்ர்ர்ர்” என்றார். தாசியோ ‘ம்ம்ம்’ என்றபோது திடல் முழுக்க அடங்கியது. ஐஸ்கிரீம்காரன் மணியடிப்பதை நிறுத்தினான்.

அடுத்து கேள்வி பதில். “மௌனத்தின் சாரம் என்ன?” என்று நடுவர் தாசியோவிடம் கேட்டார்.

தாசியோ யோசித்தார். “தெரியலீங்க. அதைக் கேட்டு ரொம்ப நாளாச்சு.”

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. சிலர் அழுதார்கள். கார்ப்பியோ மேடையின் பின்பக்கம் நின்று பல்லைக் கடித்தார். இந்த ஆள் யோசித்துச் சொல்லியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். வாய்க்கு வந்ததைச் சொல்லி ஜெயிக்கிறானே!

கார்ப்பியோவிடம், “ஒருநாள் உங்கள் இரைச்சல் நின்றுவிட்டால் உலகத்துக்கு என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டார்கள். அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் உலக சமாதானத்தைப் பற்றியது. அதையே சொன்னார்.

கடைசிச் சுற்று விஞ்ஞானச் சுற்று. போட்டியாளர் காதில் ஹெட்போனை மாட்டி, ஒவ்வொரு சத்தமாக விடுவார்கள். தன் இரைச்சலோடு ஒத்துப்போகும் சத்தம் வந்ததும் கையைத் தூக்க வேண்டும். தாசியோ தன் மணியை நொடியில் பிடித்தார். கார்ப்பியோவின் காதில் மாட்டினார்கள். கூட்டம் அமைதியானது. அவர் தன் வண்டியைத் தேடினார்.

வண்டி இல்லை.

இடது காதில் பார்த்தார். வலது காதில் பார்த்தார். யோசித்துப் பார்த்தால், அது எப்போது கடைசியாக ஓடியது என்பதே நினைவில்லை. தாசியோ நடை பழக ஆரம்பித்த அன்றா? சட்டைக்கு அளவெடுத்த அன்றா? மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை மறந்து அவர் சொன்னார்:

“டாக்டரம்மா, என் வண்டி நின்னுபோச்சு.”

லாரி உயர ஒலிபெருக்கிகள் இதை மலைவரைக்கும் கொண்டுபோயின.

“இருக்குன்னு சொல்லு மனுஷா!” என்று கூட்டத்திலிருந்து கொன்சிங் கத்தினாள். காலம் கடந்துவிட்டது.

நடுவர்கள் தலையைத் தலையோடு ஒட்டிக்கொண்டு பேசினார்கள். டாக்டரம்மா முகம் சிவந்து மைக்கைப் பிடித்தார். “இந்த நிலையம் திறந்த நாளிலிருந்து இங்கே ஒருவர்கூடக் குணமானதில்லை. குணமானவரை என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் விதிமுறையே கிடையாது. இந்த மேடை நோயாளிகளின் மேடை. அவர்கள் நடுவில் ஓர் ஆரோக்கியமான மனிதர் பட்டுச் சட்டையோடு நின்றது வருந்தத்தக்கது.”

கார்ப்பியோ தகுதி நீக்கம் செய்யப்பட்டார். கிரீடம் தாசியோவின் தலையில் ஏறியது. காதுக்குப் பின்னால் பட்டாணி ஒட்டப்பட்டது. தாசியோ முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியதைக் கார்ப்பியோ பார்த்தார். தன் நெஞ்சுக்குள் சுரண்டுவது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காதில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். தூங்கி எழுந்ததும் எதிர்வீட்டு வாசலில் தோளில் பட்டையோடு நிற்கும் மௌன ராஜாவைப் பார்ப்பார். வயிறு எரியும். அந்த எரிச்சலோடேயே திரும்பப் படுத்துத் தூங்குவார். கொன்சிங் தலையணையோடு திரும்பி வந்தாள்.

நிலையம் தன் கருத்தை மாற்றிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. தலைநகரிலிருந்து யாரோ போன் செய்து, “உங்கள் ஊரில் ஒருவர் குணமாகிவிட்டாராமே, வாழ்த்துகள்” என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாளே கார்ப்பியோவின் முகம் சந்தை வாசலில் பேனராகத் தொங்கியது: ‘குணமடைந்த முதல் மனிதர்’. அவர் முகத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக டாக்டரம்மாவின் முகம்.

அவரை அழைத்து உட்கார வைத்தார்கள். இப்போது மெத்தை நாற்காலி.

“சொல்லுங்க மனோங், எந்த வழியில குணமாச்சு? ஆறுல எது?”

“ஆறுலயும் இல்ல டாக்டரம்மா. எனக்கு தாசியோ மேல பொறாமை. அதைத் தவிர நான் வேற எதுவும் செய்யல. அவனையே பாத்துட்டு இருந்ததுல, காதைக் கவனிக்க நேரமில்லாம போச்சு.”

  டாக்டரம்மா அன்றே அவசரக் கூட்டம் கூட்டி உரையாற்றினார்.

“நண்பர்களே, கவனத்தை இரைச்சலிலிருந்து திருப்பினால் இரைச்சல் மங்கும் என்பது விஞ்ஞானம் அறிந்ததுதான். எதில் திருப்புவது என்பதில்தான் உலகம் தடுமாறியது. புத்தகம் படி என்றார்கள். தோட்டம் போடு என்றார்கள். இவற்றில் யாருடைய கவனம் நிற்கும்? பொறாமையில் நிற்கும்! இந்த நிலையத்தில் பொறாமைக்கு என்றுமே தட்டுப்பாடு இருந்ததில்லை. துணை இயக்குநர் என் நாற்காலியை எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். மாகாணத் தலைமை ஆஸ்பத்திரியின் பளிங்குத் தரையை நினைத்து நானே எத்தனை இரவு மற்ற எல்லாவற்றையும் மறந்திருக்கிறேன்! இத்தனை வளத்தை நமக்குள்ளேயே வைத்துக்கொண்டு நோயாளிகளுக்குக் கொடுக்காமல் இருந்துவிட்டோமே!”

ஏழாவது வழி அன்றே பேனராயிற்று. பொறாமைச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை பொறாமைப்பட வேண்டும். அளவு மிஞ்சினால் புறம்பேசுதல் என்ற பக்கவிளைவு வரலாம். சொந்தமாக ஆள் இல்லாதவர்களுக்கு நிலையமே ஓர் எதிரியை ஏற்பாடு செய்தது. ‘என்னைப் பார்த்துப் பொறாமைப்படுங்கள்’ என்று துணை இயக்குநர் தாமாகவே முன்வந்து, தினமும் ஒரு மணி நேரம் நோயாளிகள் முன்னால் காலைத் தூக்கி மேஜைமேல் போட்டு உட்கார்ந்தார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவருக்குத்தான் அதற்குப் பிறகு காதில் ஏதோ கேட்க ஆரம்பித்தது என்று பேச்சு. நடைமுறைப் பாடம் எடுக்கக் கார்ப்பியோவை நியமித்தார்கள். அவர் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தாசியோவை நினைக்க வேண்டும். மாணவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தாசியோ வேலியைத் தாண்டி வந்தார். கிரீடம் இல்லை; தோளில் பட்டை இல்லை; கண்கள் உள்ளே போயிருந்தன. உள்ளங்கையை விரித்தார். பட்டாணி.

“இந்தா கும்பாரே. வெச்சுக்க.”

“என்னது இது?”

“இதைப் போட்டா எனக்கு எஸ்பெரான்ஸா கேக்கல, நெசந்தான். ஆனா தூக்கம் வரல. நீ இதுக்கு எவ்வளவு ஆசைப்பட்டேன்னு எனக்குத் தெரியும். பட்டுச் சட்டையோட மேடையில அப்படித் திகைச்சு நின்னியே, அந்த மூஞ்சிதான் கண்ணை மூடினா வருது. என் பொண்ணும் துபாயில இருக்கா, இந்த ஊர்ல எனக்குன்னு நீதான் இருக்கே. கிரீடம் கிடக்கட்டும், இது உன்கிட்ட இருக்கட்டும்.”

கார்ப்பியோ அவரைப் பார்த்தார். இரும்புக் கூரையைப் பார்த்தார். மாமரத்தைப் பார்த்தார். எதைப் பார்த்தும் வயிறு எரியவில்லை.  இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த மனிதர் மீது அவருக்குத் துளிப் பொறாமைகூட இல்லை.

ட்ர்ர்ர்ர்ர் என்று வண்டி கிளம்பியது.

அவர் அவசரமாகக் கருவியைக் காதில் ஒட்டிப் பார்த்தார். அது தாசியோவின் மணிக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருந்தது. யாரோ கடற்கரையோரமாக சைலன்ஸர் இல்லாத வண்டி ஓட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

நிலையத்துக்கு ஓடினார். “திரும்பி வந்துடுச்சு டாக்டரம்மா! என்னைத் திரும்பச் சேத்துக்குங்க!”

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கார்ப்பியோ கேட்டார். “மனோங், உங்க முகம் மாகாணம் முழுக்கத் தொங்குது. அடுத்த வாரம் தலைநகரத்துல எனக்கு விருது. நீங்க குணமாயிட்டீங்க. அது இனிமே உங்க காது மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல. போய் நல்லாப் பொறாமைப்படுங்க.”

வீட்டில் கொன்சிங் தலையணையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி ரேடியோ சத்தம் கேட்டால் கிளம்பிவிடுவாள். கார்ப்பியோ நேராக எதிர்வீட்டுக்குப் போய், பட்டாணியை தாசியோவின் கையில் திணித்தார்.

“இதை நீயே வெச்சுக்க. எனக்கு வேற ஒரு உதவி பண்ணு கும்பாரே.”

“சொல்லு.”

“என்கிட்டப் பெருமையடி.”

“ஆங்?”

“பெருமையடிய்யா. உன்கிட்ட இருக்கு, என்கிட்ட இல்ல, அந்த மாதிரி எதையாவது எடுத்து விடு. என் வயிறு எரியணும்.”

தாசியோ தலையைச் சொறிந்தார். “எனக்கு அதெல்லாம் வராதே கும்பாரே.”

“முயற்சி பண்ணு. என் தூக்கம் உன் வாயிலதான் இருக்கு.”

“சரி. வந்து... எங்க வீட்டுல புது ரைஸ் குக்கர் வாங்கியிருக்கு.”

“எங்க வீட்டுலயும் இருக்கு.”

“ஆமால்ல. உன்னோடது பெரிசு வேற.” தாசியோ வேர்த்துப்போய் யோசித்தார். “என் பொண்ணு அடுத்த மாசம் லீவுல வரா.”

“நல்லதுதானே. வரட்டும். பாத்து எவ்வளவு நாளாச்சு.”

ட்ர்ர்ர்ர்ர்.

“மாமரம்...” என்று தொடங்கி, “பாதிக்கு மேல வண்டு விழுந்துடுச்சு” என்று தாசியோ தாமே கெடுத்துக்கொண்டார். கார்ப்பியோ நெற்றியில் அடித்துக்கொண்டார். இருவரும் வேலியோரம் உட்கார்ந்தார்கள். தாசியோவுக்கு நண்பனைக் கைவிடவும் மனமில்லை. பெருமையடிக்கவும் விஷயமில்லை. கடைசியில், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியபடி இழுத்தார்:

“ஒண்ணு இருக்கு. ஆனா பெருமைன்னு சொல்ல முடியாது. போன திருவிழாவுக்கு நான் இளநீர் ஊத்திக் கோழி சமைச்சேன்ல, அன்னிக்குக் கொன்சிங் வந்து ரெண்டு தட்டுச் சாப்பிட்டுட்டு ஒண்ணு சொன்னா.”

“என்ன சொன்னா?”

“ஜென்மத்துல இந்த மாதிரிக் கோழி சாப்பிட்டதில்லன்னு. அவ கல்யாணத்துலகூட இல்லையாம்.”

கார்ப்பியோவின் கல்யாணத்தில் கோழி சமைத்தது கார்ப்பியோ.

தெருவில் ஒரு மூன்று சக்கர வண்டி போயிற்று. அது போன பிறகு எங்கும் சத்தமே இல்லை. காற்று மாவிலைகளைத் தொடுவதுகூடத் தனியாகக் கேட்டது.

“நின்னுடுச்சா கும்பாரே?” என்று தாசியோ ஆவலோடு கேட்டார்.

“நின்னுடுச்சு.”

“அப்பாடா! இனிமே நிம்மதியாத் தூங்குவே!”

கார்ப்பியோ தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியே கொன்சிங் இரண்டு தலையணைகளையும் கட்டிலில் சேர்த்து வைத்து, உறையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருப்பது தெரிந்தது.

“ரெண்டு தட்டுன்னா,” என்றார் கார்ப்பியோ, “சோத்தோடயா, வெறும் கோழியா?”